கணினி கேள்வி பதில்: வீடு இங்கே, வாசல் அங்கே

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே ரகம். டிஸ்க்கை மாற்றினேன், கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? காரணம் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியதிலிருந்து பலரும் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். புதிது வாங்கினால் பெரிய செலவு, ஒரு எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டலாமே என்ற கணக்கு. நல்ல கணக்குதான், நானும் அப்படித்தான் செய்வேன். ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் வருகிற கறுப்புத் திரைதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பதிலுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். "என்னமோ இங்கிலீஷில் ஒரு வரி வந்து போச்சு" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரிதான் நோயின் பெயர். கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்து அப்படியே எழுதுங்கள். திரையே வரவில்லையா, திரை வந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டின் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயர் இல்லையா, பெயர் இருந்தும் விண்டோஸ் வரவில்லையா என்பதையும் சொல்லுங்கள். மூன்றும் மூன்று வேறு நோய், மருந்தும் வேறு. பயாஸுக்குள் போகத் தெரியாதவர்களுக்கு: பவர் பட்டனை அழுத்திய கையோடு டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டில் ஒன்று வேலை செய்யும்.

அண்ணா, என் டெஸ்க்டாப் 2019இல் வாங்கியது. விண்டோஸ் ஒரு 250 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது, படங்களும் பாட்டுகளும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்ததால், உள்ளே இருந்ததை எல்லாம் நகல் எடுத்துவிட்டு, அதைக் கழற்றி அந்த இடத்தில் 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினேன். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொடவே இல்லை! ஆனாலும் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வந்து நிற்கிறது. பழையதைத் திரும்ப மாட்டினால் நன்றாக வேலை செய்கிறது. கடையில் கேட்டேன், விண்டோஸை முதலிலிருந்து போடணும், 120 வெள்ளி ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

கொடுக்காதீர்கள் தம்பி. உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு எஸ்எஸ்டியில் இருக்கிறது, வாசல் மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிக்கொண்டது. நீங்கள் வாசலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், தெரிந்துகொண்டால் அடுத்தமுறை நீங்களே நாலு பேருக்குச் சொல்லலாம். பவர் போட்டதும் பயாஸ் நேராக விண்டோஸைத் தேடிப் போவதில்லை. முதலில் ஒரு சின்னப் பகுதியைத் தேடும், அதன் பெயர் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். அளவு வழக்கமாக 100 எம்பிதான், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் தெரியாது, அதற்கு சி, டி போன்ற எழுத்தும் கிடையாது. விண்டோஸ் பூட் மேனேஜர் என்கிற வாசல்காரர் உட்கார்ந்திருப்பது அங்கேதான். விண்டோஸ் எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற முகவரிச் சீட்டும் அவரிடம்தான் இருக்கும். 2019இல் உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டவர் இரண்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டே போட்டிருப்பார். ஹார்ட் டிஸ்க் முதல் வரிசையில் இருந்திருக்கும். விண்டோஸை எஸ்எஸ்டியில் போடு என்று அவர் சொன்னதை நிறுவல் நிரல் கேட்டுக்கொண்டது, ஆனால் வாசலை முதல் டிஸ்க்கில் வைத்துவிட்டது. இது அதன் பழைய குணம். இத்தனை வருடமும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நான் சொல்வது சரிதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்க்கை மாட்டி விண்டோஸுக்குள் போய், ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டை பட்டையாக வரும். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற சொற்கள் எந்தப் பட்டையில் இருக்கின்றன என்று பாருங்கள். சி இருக்கும் பட்டையில் இல்லாமல் 1 டிபி பட்டையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தச் சொற்கள் எங்குமே இல்லாமல், 1 டிபி டிஸ்க்கில் 'சிஸ்டம், ஆக்டிவ்' என்று இருந்தால் உங்களுடையது டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறை. வியாதி அதேதான், மருந்து கொஞ்சம் மாறும், பின்னால் சொல்கிறேன்.

இதை இன்றைக்கே செய்யுங்கள். டக் டக் சத்தம் வந்துவிட்ட ஹார்ட் டிஸ்க் நாளைக்கும் சுற்றும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அது சுற்றுகிறபோதே வாசலை எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொள்வது சுலபம்.

வேலை இப்படி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மீது வலது கிளிக் செய்து ஷ்ரிங்க் கொடுத்து 500 எம்பி இடத்தை விடுவியுங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை (கட்டளை தட்டும் கறுப்புச் சன்னல்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் (diskpart) என்று தட்டுங்கள். முதலில் டிஸ்க்குகளின் பட்டியலைக் கேளுங்கள், அளவை வைத்து எஸ்எஸ்டி எது என்று அடையாளம் கண்டு அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை பாருங்கள், எண்ணைத் தவறாகப் போட்டவர்கள் எனக்கு எழுதும் கடிதங்கள் மிகச் சோகமானவை. அதன்பின் கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ, அளவு 260 எம்பி. அதை ஃபேட்32ஆக ஃபார்மட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுத்து வெளியே வாருங்கள். கடைசியாக பிசிடிபூட் (bcdboot) என்ற கட்டளை. அதற்கு மூன்று விவரம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் சியில் இருக்கிறது, வாசலை எஸ்ஸில் வை, முறை யூஇஎஃப்ஐ, அதாவது புதிய ரக பயாஸ். எதை எந்த வரிசையில் போடுவது என்று குழப்பமா, பிசிடிபூட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டு என்ட்டர் தட்டுங்கள். உதாரணத்தோடு அதுவே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடும்.

கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வரும். அப்புறம் மெஷினை முழுதாக அணைத்து, சுவரில் உள்ள சுவிட்ச்சையும் அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்றோ அந்த எஸ்எஸ்டியின் பெயரோ இருப்பதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்.

எம்பிஆர் முறைக்காரர்களுக்குத் தனிப் பகுதி தேவையில்லை. டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியின் சி பகுதியை ஆக்டிவ் ஆக்கிவிட்டு, அதே பிசிடிபூட்டில் எஸ் இருந்த இடத்தில் சி என்றும், யூஇஎஃப்ஐ இருந்த இடத்தில் பயாஸ் என்றும் கொடுத்தால் போதும். அப்படியும் எழுந்திருக்கவில்லை என்றால் விண்டோஸ் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து பூட்செக்ட் (bootsect) என்ற கட்டளையையும் ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் இதற்குள் செத்தே போயிருந்தால்? பயப்பட வேண்டாம். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் 8 ஜிபி யூஎஸ்பி ஒன்றில் விண்டோஸ் நிறுவல் நிரலை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பூட் செய்து, மொழி கேட்கும் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புச் சன்னல் திறக்கும். மேலே சொன்ன அதே வேலையை அங்கேயே செய்யலாம், சியைச் சுருக்குவதைக்கூட டிஸ்க்பார்ட்டே செய்யும். ஒரே எச்சரிக்கை, அங்கே உங்கள் சிக்கு டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

இனிமேல் விண்டோஸ் புதிதாகப் போடுவதாக இருந்தால், போடப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் பிடுங்கி வைத்துவிட்டு போடச் சொல்லுங்கள். கடைக்காரப் பையன் முறைத்தாலும் பரவாயில்லை.

வணக்கம். லேப்டாப்பில் 256 ஜிபி போதவில்லை என்று 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்கி, குளோன் செய்து, அதாவது பழையதை அப்படியே நகல் எடுத்து, மாற்றினேன். விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, பிறகு நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'. ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில் 'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்தேன், அப்போதும் அதேதான். இப்போது பழைய டிஸ்க்கைப் போட்டாலும் அதே நீலத் திரை வருகிறது, அழுகை வருகிறது.
வாசகி, செங்காங்

உங்கள் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. பழைய டிஸ்க் நேற்றுவரை நன்றாக ஓடியது, அதில் நீங்கள் எதையும் மாற்றவில்லை. அப்படியானால் மாறியது பயாஸ். அந்த லோட் டிஃபால்ட்ஸ்தான் பழைய டிஸ்க்கையும் சேர்த்து நோகடித்திருக்கிறது.

பயாஸில் ஸ்டோரேஜ் அல்லது சாட்டா மோட் என்று ஓர் அமைப்பு இருக்கும். ஏஹெச்சிஐ என்று ஒன்று, ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இன்னொன்று. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற பெயரிலும் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அந்த முறையில் டிஸ்க்கோடு பேசும் டிரைவர் நிரலைத்தான் எழுந்திருக்கும்போது கையில் வைத்திருக்கும். முறையை மாற்றிவிட்டால், தான் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கையே அதனால் படிக்க முடியாது. நீலத் திரை சொல்வதும் அதையேதான்: பூட் ஆகவேண்டிய டிஸ்க்கை என்னால் அணுக முடியவில்லை.

எனவே முதலில் பழைய டிஸ்க்கை உள்ளே போட்டு, அந்த அமைப்பை இப்போது இருப்பதற்கு மாறாக மாற்றி, சேமித்து, பூட் செய்து பாருங்கள். வந்துவிட்டால் மூச்சு விடலாம்.

பிறகு புதிய டிஸ்க். முதல்முறை அது ஏன் வரவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம், என்விஎம்இக்கான டிரைவர் விண்டோஸில் இருந்தும் அது எழும்போதே ஏற்றப்படும் பட்டியலில் இல்லாதது. உங்கள் பழைய டிஸ்க் சாட்டா என்ற பழைய வகையாக இருந்திருந்தால் அது இன்னும் பொருந்தும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. குளோன் செய்யுமுன் பழைய டிஸ்க்கில் எம்எஸ்கான்ஃபிக்கை (msconfig) திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட் என்பதில் டிக் போட்டுவிட்டு குளோன் எடுங்கள். புதிய டிஸ்க்கை மாட்டியதும் அது சேஃப் மோடில் எழும். சேஃப் மோடில் விண்டோஸ் தன்னிடம் உள்ள டிஸ்க் டிரைவர்களை எல்லாம் தேடிப்பார்த்து, எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போய் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்தால் வேலை முடிந்தது. ஏஹெச்சிஐக்கு மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே வழிதான், சேஃப் மோடுக்குப் போகும் வழியில் பயாஸை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். குளோன் எடுக்கும்போது சியை மட்டும் இழுத்துப் போட்டுவிடாதீர்கள், மொத்த டிஸ்க்கையும் எடுக்க வேண்டும், ஏன் என்பதை மேலே ஈசூன் தம்பிக்குச் சொன்னேன். அப்புறம், குளோன் செய்த டிஸ்க்கை முதன்முதலாக எழுப்பும்போது பழையது யூஎஸ்பியில்கூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரட்டைப் பிள்ளைகளை ஒரே பெயரில் கூப்பிட்டால் என்ன ஆகும், விண்டோஸ் ஒருவரை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும், எந்த ஒருவர் என்பதில் உங்களுக்கும் அதற்கும் ஒத்துப்போக வேண்டுமே.

பயாஸில் ஏதோ மாற்றியபின் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் அப்படி எந்தப் பூட்டும் போடவில்லை. வைரஸா?
வாசகர், புக்கிட் பாத்தோக்

வைரஸ் இல்லை, பிட்லாக்கர். நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் போட்டிருக்கும். மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்த பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு தானாகவே செயல்படத் தொடங்கிவிடுகிறது, விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. செக்யூர் பூட் என்ற அமைப்பையோ பூட் வரிசையையோ மாற்றியதும், பெட்டியை யாரோ நோண்டுகிறார்கள் என்று அது கதவைச் சாத்திக்கொள்கிறது.

கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்குக்குள் போய் டிவைசஸ் பகுதியைப் பாருங்கள், ரிகவரி கீ அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டு. ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் கீ அலுவலக ஐடி பிரிவிடம் இருக்கும், பள்ளி லேப்டாப் என்றால் பள்ளியிடம். எங்குமே இல்லை என்றால் சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது, அந்த எண் இல்லாமல் அந்த டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். அதற்குமுன் ஒன்று செய்து பாருங்கள்: பயாஸில் நீங்கள் மாற்றியதை அப்படியே பழையபடி ஆக்கிவிட்டுப் பூட் செய்தால், சில சமயம் எண் கேட்காமலே வழிவிடும்.

சிம் லிம் ஸ்குவேரில் எம்.2 எஸ்எஸ்டி வாங்கி மகனின் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அழகாக உட்கார்ந்தது. ஆனால் பயாஸில் பெயரே இல்லை. அதோடு ஏற்கெனவே இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும் காணாமல் போய்விட்டது. கெட்டுப்போன சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

கடைக்காரரைத் திட்டுமுன் எஸ்எஸ்டியைக் கழற்றிக் கையில் எடுங்கள். தங்கநிறக் கம்பிகள் இருக்கும் விளிம்பைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்றால் பெரும்பாலும் சாட்டா. எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டும்தான், 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவே. உள்ளே பேசும் மொழி இரண்டு. என்விஎம்இ மட்டும் புரிகிற துளையில் சாட்டா எம்.2வைச் செருகினால் அழகாகத்தான் உட்காரும், ஆனால் வாயைத் திறக்காது. மாறிச் செருகினாலும் அதே கதை. மதர்போர்டின் கையேட்டில் எந்தத் துளை எதை ஏற்கும் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள். இன்னொன்று, 2014க்கு முந்தைய போர்டுகள் பெரும்பாலும் என்விஎம்இயிலிருந்து பூட் ஆகாது, அடாப்டர் போட்டு மாட்டினாலும் சேமிக்கத்தான் உதவும்.

காணாமல் போன ஹார்ட் டிஸ்க்கும் சாகவில்லை. பல போர்டுகளில் எம்.2 துளையும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எம்.2வில் ஆள் உட்கார்ந்ததும் அந்த போர்ட் அணைந்துவிடும். அதே கையேட்டில் அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றுங்கள், வந்துவிடும்.

அண்ணே, எஸ்எஸ்டி மாட்டி மூடினேன். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. மதர்போர்டு போச்சா?
வாசகர், தெம்பனிஸ்

டிஸ்க்கே இல்லாவிட்டாலும் திரை வரவேண்டும், டிஸ்க் இல்லை என்று சொல்வதற்காகவாவது வரும். ஆகவே டிஸ்க்கை மறந்துவிடுங்கள், பெட்டிக்குள் கை போனபோது வேறு எதையோ தட்டியிருக்கிறீர்கள்.

முதலில் பின்பக்கம். திரைக் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, மதர்போர்டில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி அக்கா வீட்டில் நான் மூன்று மணி நேரம் ரேம், பேட்டரி, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் முறுக்கு மாவு ஒட்டிய கையோடு வந்த அக்கா மகள், "மாமா, எப்பவும் வயர் கீழே இருக்கிற ஓட்டையிலதானே இருக்கும்" என்றாள். கிராஃபிக்ஸ் கார்டு கீழே, நான் செருகியது மேலே. அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்குமுன் பின்பக்கத்தைப் படம் எடுக்காமல் நான் ஒரு கேபிளையும் தொடுவதில்லை.

கேபிள் சரி என்றால், சுவரில் அணைத்துவிட்டு ரேமைக் கழற்றி, இரண்டு பக்கமும் டக் என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றோடு முயன்று பாருங்கள். போர்டில் 24 பின் பெரிய பிளக்கும், புராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பவர் பிளக்கும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திரை வந்து, தேதி மட்டும் பல வருடம் பின்னால் காட்டினால், சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேட்டரி தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து செங்காங் வாசகியின் நிலைக்கு உங்களையும் கொண்டுபோய் விடும், அதனால் அதையும் மாற்றிவிடுங்கள்.

எம்பிஆர் டிஸ்க்கை 4 டிபிக்கு குளோன் செய்தேன், 2 டிபிக்குமேல் பயன்படுத்த முடியவில்லை. எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளையை ஓட்டினேன், வெற்றி என்று சொன்னது, மறுபடி பூட் செய்தால் எழவே இல்லை.
வாசகர், அங் மோ கியோ

கட்டளை பொய் சொல்லவில்லை. எம்பிஆர் 1983இல் பிசி டாஸ் 2.0வோடு வந்த முறை, செக்டர் எண்ணை 32 பிட்டுக்குள் எழுதுகிறது, 512 பைட் செக்டர் என்றால் கணக்கு 2 டிபியோடு நின்றுவிடும். அதற்குப் பின் வந்த ஜிபிடி முறைக்கு மாற்றியது சரியான முடிவு. ஆனால் ஜிபிடியாக மாறிய விண்டோஸ் யூஇஎஃப்ஐ வழியாகத்தான் எழும், உங்கள் பயாஸ் இன்னும் லெகசி அல்லது சிஎஸ்எம் நிலையில் பழைய வாசலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. சிஎஸ்எம்மை அணைத்து யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள், வந்துவிடும். மாற்றியதும் திரையே போய்விட்டால் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு மிகப் பழையது, யூஇஎஃப்ஐ தெரியாதது. அப்போது கார்டை எடுத்துவிட்டு மதர்போர்டின் திரை போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கின் கூட்டை உடைத்து, உள்ளே இருந்த டிஸ்க்கை டெஸ்க்டாப்பில் மாட்டினேன். சுற்றவே இல்லை. கூட்டில் திரும்ப வைத்தால் சுற்றுகிறது.
வாசகர், உட்லண்ட்ஸ்

சாட்டா பவர் பிளக்கில் 15 ஊசிகள். மூன்றாவது ஊசி பழைய வழக்கில் 3.3 வோல்ட் மின்சாரம் தரும், புதிய வழக்கில் அதே ஊசிக்கு 'தூங்கு' என்று அர்த்தம். உங்கள் பவர் சப்ளை பழைய வழக்கு, டிஸ்க் புதிய வழக்கு, எனவே அது கட்டளைப்படி தூங்குகிறது. மூன்றாவது ஊசியின்மேல் கேப்டன் (Kapton) டேப், அதாவது மின்சாரம் கடத்தாத டேப், ஒட்டலாம். கை நடுங்கும் என்றால் நாலு ஊசி உள்ள பழைய பவர் பிளக்கான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் வாங்குங்கள், மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. ஒயர்களை அச்சில் வார்த்து மூடிய மலிவு ரகத்தைத் தவிருங்கள், அவை உள்ளே ஒட்டித் தீப்பிடிப்பது உண்டு.

டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் லைசன்ஸ் போய்விடுமா?
வாசகர், பொங்கோல்

போகாது. டிஜிட்டல் லைசன்ஸ் என்றால் அது மதர்போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் காணும்.

தம்பி, மகன் போன மாசம் என் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்கு பெர்த் போய்விட்டான். பழைய டிஸ்க்கை பீரோவில் துணிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அதில் பேரப்பிள்ளைகள் படமெல்லாம் இருந்தது. கீழே குப்பையில் போட்டுவிடலாமா, இல்லை பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் வந்தால் கொடுத்துவிடலாமா?
வாசகி, தோ பாயோ

இரண்டும் வேண்டாம் அம்மா. இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும், துணியை எடுத்துவிட்டு அது வந்த பிளாஸ்டிக் உறையிலோ ஓர் அட்டைப்பெட்டியிலோ வையுங்கள், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டால் நல்லது. மேலே ஒரு காகிதம் ஒட்டி மாற்றிய தேதியை எழுதுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, சின்னப் படங்களாகத் தெரிவதோடு விடாமல், அங்கொன்று இங்கொன்றாக இருபது முப்பதை முழுசாகத் திறந்து பாருங்கள், பழைய வருடத்துப் படங்களையும் சேர்த்து. வீடியோ இருந்தால் ஓடவிடுங்கள். திறக்காதது ஒன்றாவது இருந்தால் மகனிடம் சொல்லுங்கள், பழைய டிஸ்க் இருக்கிறவரை பெரும்பாலும் மீட்கலாம். எல்லாம் சரியாக இருந்தால், அவன் அடுத்தமுறை வரும்போது அந்தப் படங்களை இன்னோர் இடத்திலும் ஒரு நகல் வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் பழைய டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள், விரைவு ஃபார்மட் இல்லை, முழுசு. அது எஸ்எஸ்டியாக இருந்தால் பல பயாஸ்களில் இருக்கும் செக்யூர் இரேஸ்தான் சரி. அழிக்காமல் யாரிடம் கொடுத்தாலும் உங்கள் வங்கிக் காகிதமும் பேரன் படமும் அவரோடு போகும்.

அழித்த பிறகு மின்கழிவுத் தொட்டியில் போடலாம். 2021 ஜூலையிலிருந்து தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மின்கழிவுத் திட்டம் நடக்கிறது, கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் வாய்க்குள் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது அம்மா, அதனால் மகன் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள்.